பெய்ஜிங்கில் நான்கு நாள்: முதலில் தேதியை மாற்றுங்கள்

வாசகர் கேள்வி: திருச்சியிலிருந்து எழுதுகிறேன். பிள்ளைகளின் காலாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பெய்ஜிங் போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 13 வயது மகள், 9 வயது மகன், 67 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி; மெதுவாக நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். நாங்கள் சைவம், பிள்ளைகள் மட்டும் முட்டை சாப்பிடுவார்கள். அக்டோபர் 1 முதல் 4 வரை நான்கு நாள். முதல் நாள் தியானன்மென் சதுக்கம், ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ எனும் அரண்மனை, சொர்க்கக் கோயில், மாலையில் வாங்ஃபூஜிங் கடைத்தெரு. இரண்டாம் நாள் பாதாலிங்கில் பெருஞ்சுவர், மிங் கல்லறைகள், கோடை அரண்மனை. மூன்றாம் நாள் புல்லட் ரயிலில் ஷியான் போய்ச் சுடுமண் வீரர் சிலைகளைப் பார்த்துவிட்டு இரவே திரும்புவது. நான்காம் நாள் லாமா கோயில், ஷாப்பிங், இரவு விமானம். டிக்கெட் இன்னும் போடவில்லை. இது சரியாக வருமா? எதையாவது விடவேண்டுமென்றால் எதை விடலாம்?

பதில்: டிக்கெட் இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. உங்கள் திட்டத்தில் முதலில் மாறவேண்டியது தேதி. இடங்களைப் பற்றிப் பிறகு பேசலாம்.

அக்டோபர் 1 சீனாவின் தேசிய நாள். 1949-இல் மக்கள் குடியரசை அறிவித்த நாள். அன்றிலிருந்து 7-ஆம் தேதி வரை நாடு முழுக்க விடுமுறை. ‘பொன் வாரம்’ என்பார்கள். இலையுதிர்கால நிலா விழாவும் பக்கத்தில் வந்துவிட்டால் எட்டு நாளாக நீளும். சீனப் புத்தாண்டுக்கு மக்கள் சொந்த ஊருக்குப் போவார்கள். இந்த வாரத்தில் ஊர் சுற்றக் கிளம்புவார்கள். தலைநகரையும் பெருஞ்சுவரையும் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்த குடும்பங்கள் எல்லா மாகாணங்களிலிருந்தும் பாட்டி பேரன் சகிதம் பெய்ஜிங்கில் வந்து இறங்கும் வாரம் அது. அவர்களுக்கு அதைவிட்டால் நீண்ட விடுமுறை கிடைப்பது அரிது. உங்களுக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை.

நம் காலாண்டு விடுமுறை பெரும்பாலும் இந்த நாட்களை ஒட்டியே வருவதால், என்னிடம் வரும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் இதே தேதியைத்தான் கேட்கின்றன. எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். அந்த வாரத்தில் ஒவ்வொரு நாளும் பாதிப் பொழுது வரிசையில் நிற்பதிலேயே கழியும். நுழைவுச்சீட்டு, ரயில் இருக்கை எல்லாம் விற்பனை திறந்த சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும். முழங்கால் வலி உள்ள பெரியவரை அழைத்துக்கொண்டு அதற்குள் போகாதீர்கள்.

மாற்று என்ன? எனக்குப் பிடித்தது மே மாதம். சீனாவில் தொழிலாளர் தின விடுமுறை மே 1-இல் தொடங்கி 5 வரை இருக்கும். அது முடிந்த பிறகு, மே இரண்டாம் வாரத்தில் போங்கள். நம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள். பகலில் 25, 26 டிகிரிதான் இருக்கும், மழை குறைவு, ரோஜா பூத்திருக்கும். ஒரே ஒரு தொல்லை: ஏப்ரலிலிருந்து மே நடுப்பகுதி வரை பாப்லர், வில்லோ மரங்களின் பஞ்சு காற்றில் பறக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். புழுக்கமும் மழையும் போதாதென்று சீனப் பள்ளிகளுக்கும் அப்போதுதான் விடுமுறை.

மே வரை காத்திருக்க முடியாதென்றால், காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசி வாரத்தில் தொடங்கும் ஆண்டாகப் பார்த்து 26-ஆம் தேதி வாக்கில் போய் இறங்கி 30-ஆம் தேதி கிளம்பிவிடுங்கள். பிள்ளைகள் இரண்டொரு நாள் லீவு போட்டாலும் பாதகமில்லை. செப்டம்பர் 30 அங்கே தியாகிகள் நாள். காலையில் சதுக்கத்தில் அரசு நிகழ்ச்சி நடக்கும், அந்தப் பகுதியில் கெடுபிடி இருக்கும். அன்றைக்குச் சதுக்கத்தையோ அரண்மனையையோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

இல்லை, அக்டோபர் 1 தான், வேறு வழியே இல்லை என்றால் அரண்மனைக்கு முன்பதிவு கிடைத்த பிறகு மற்றதை யோசியுங்கள். கிடைக்காவிட்டால் அரண்மனையை விட்டுவிட்டு, காலை ஆறரைக்குச் சொர்க்கக் கோயில் பூங்கா, லாமா கோயில், பழைய சந்துகள் என்று பார்த்துத் திரும்புங்கள்.

இனி இடங்கள். ஷியானை எடுத்துவிடுங்கள். பெய்ஜிங்கிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; மிக வேகமான ரயிலிலும் போகவே நாலு மணி நேரத்துக்கு மேல். இறங்கிய பிறகு சுடுமண் வீரர்கள் இருக்கும் இடத்துக்கு ஊருக்கு வெளியே இன்னும் ஒரு மணி நேரப் பயணம். ஒரே நாளில் போய்வந்தால் அத்தைக்கும் சின்னவனுக்கும் ரயில் ஜன்னல்தான் மிஞ்சும். ஷியான் இரண்டு இரவு தங்கிப் பார்க்க வேண்டிய பழைய தலைநகர். அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சத்துக்கு நான் சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம். அதைக் காலையில் பார்ப்பது, மதியம் அறைக்குத் திரும்பிக் கால் நீட்டுவது, மாலையில் ஒரு தெருவோ ஏரிக்கரையோ. பெய்ஜிங்கின் முக்கிய இடங்கள் எல்லாம் பேரரசர்களுக்காகக் கட்டியவை. அவர்கள் பல்லக்கில் போனார்கள், நாம் நடக்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்து இடமாகத் தெரிவது நேரில் அரை மணி நடையாக இருக்கும். உங்கள் முதல் நாள் திட்டத்தில் இருக்கும் மூன்று இடங்களை ஒரே நாளில் நடந்தால் உங்கள் மகளே கேள்வி கேட்பாள்.

முதல் நாள்: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக வருவீர்கள், இரவுத் தூக்கம் சரியாக இருக்காது. ஆகவே பெரிய இடம் எதுவும் வேண்டாம். மாலையில் முரசுக் கோபுரம், மணிக் கோபுரம் இருக்கும் பகுதிக்குப் போங்கள். நகரின் தெற்கே யோங்திங்மென் வாசலிலிருந்து வடக்கே இந்தக் கோபுரங்கள் வரை 7.8 கிலோமீட்டருக்கு ஒரே நேர்கோடு. அரண்மனை, சதுக்கம் எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான். 2024-இல் யுனெஸ்கோ இந்த அச்சை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கோபுரங்களைச் சுற்றி ‘ஹூத்தோங்’ என்கிற பழைய சந்துகள். சாம்பல் நிறச் செங்கல் வீடுகள், வாசலில் மாதுளைத் தொட்டி, தெருவிலேயே சதுரங்கம் ஆடும் தாத்தாக்கள். அப்படியே ஷிச்சாஹாய் ஏரிக்கரைக்கு நடந்துவிடலாம், தரை சமதளம். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறுவதானால் ஆளுக்கா வண்டிக்கா என்று கேட்டு, தொகையைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

இரண்டாம் நாள் அரண்மனை. இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் பணமும் நேரமும் செலவழித்துவிட்டு இதைப் பாதியாகத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள்.

முன்பதிவு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். ஏழு நாள் முன்னதாக, பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குச் சீட்டு விற்பனை திறக்கும். நமக்கு அப்போது மாலை ஐந்தரை. இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அரண்மனையின் சொந்த இணையதளத்திலோ வீசாட் செயலியிலோ ஒவ்வொருவரின் பாஸ்போர்ட் எண்ணையும் கொடுத்துப் பதிய வேண்டும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பெரியவர்களுக்கு 60 யுவான். பாஸ்போர்ட்தான் சீட்டு. நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பதும், அப்பா பெயர் அங்கே ஏறியிருப்பதும் சகஜம். விசா, ரயில், அரண்மனை எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒரே மாதிரி எழுதுங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. வேறு பல இடங்களும் அன்று மூடியிருக்கும். ஆகவே நான்கு நாளில் ஒன்று திங்களாக இருந்தால் அதைப் பெருஞ்சுவருக்குக் கொடுங்கள்.

தியானன்மென் சதுக்கத்துக்குத் தனி முன்பதிவு, தனிச் சோதனை வரிசை. பலரும் சதுக்கத்தில் தொடங்கி, வெயிலில் நின்று, அரண்மனை வாசலை எட்டும்போதே களைத்துவிடுகிறார்கள். அத்தைக்காக நீங்கள் வேறு வழியில் வாருங்கள். டாக்சியில் கிழக்கு வாசலான தோங்ஹுவாமென் பக்கம் இறங்கி, அகழியை ஒட்டி நடந்தால் நுழைவாயிலான வூமெனுக்கு வந்துவிடலாம். உள்ளே போவது தெற்கே இந்த ஒரு வாசல் வழியாக மட்டும்தான். வெளியேறுவது வடக்கு வாசலிலோ கிழக்கு வாசலிலோ. தெற்கிலிருந்து வடக்கே 961 மீட்டர். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும்; முற்றம், பக்கக் கட்டடம் என்று சுற்றும்போது நாலைந்து கிலோமீட்டர் நடந்திருப்பீர்கள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். அத்தை கூச்சப்பட்டாலும் எடுத்துக்கொள்ளுங்கள். படிகள் உள்ள இடத்தில் அவர் ஏற வேண்டியதில்லை. முற்றங்களின் ஓரமாகவே போக வழி உண்டு.

யோங்லே பேரரசர் 1406-இல் தொடங்கி 1420-இல் முடித்த அரண்மனை இது. மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். கடைசிப் பேரரசர் பூயியை 1924-இல் வெளியேற்றினார்கள். மறு ஆண்டே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எல்லாக் கூட்டமும் தைஹ மண்டபத்தின் வாசலில் போய் முட்டும், சிம்மாசனத்தைப் பார்க்க. மண்டபத்துக்குள் விடமாட்டார்கள், நெருக்கியடித்துத் தலைகளுக்கு மேலாக இருட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுதான். பிள்ளைகளை அங்கே தள்ளாதீர்கள். பக்கவாட்டில் நின்று கூரையின் மூலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்து இறங்கும் முகட்டின் நுனியில் பறவைமேல் ஏறிய ஒரு சிறு உருவம். அதன் பின்னால் வரிசையாகச் சிறு விலங்குகள். டிராகன், பீனிக்ஸ், சிங்கம் என்று தொடங்கி, கடைசியில் கையில் ஆயுதத்தோடு சிறகு முளைத்த குரங்கு முகம். எண்ணினால் பத்து. விலங்கின் எண்ணிக்கைதான் கட்டடத்தின் தகுதி. பின்னால் இருக்கும் சியான்ச்சிங் மண்டபத்தில் ஒன்பது, அதற்கும் பின்னால் குன்னிங் மண்டபத்தில் ஏழு, சிறிய கட்டடங்களில் ஐந்து, மூன்று. சின்னவனிடம் இந்த வேலையைக் கொடுத்தால் வடக்கு வாசல் வரை அலுக்காமல் வருவான்.

மகளுக்கு வாசல் கதவுகள். சிவப்புக் கதவுகளில் பொன்னிறக் குமிழ்கள் வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை, மொத்தம் 81. ஒன்பது பேரரசருக்குரிய எண். ஆனால் நீங்கள் வரும் வழியிலுள்ள தோங்ஹுவாமென் கதவில் மட்டும் எட்டு வரிசை, 72. ஏன் என்பதற்கு அறிஞர்கள் பல காரணம் சொல்கிறார்கள்; அவளே யோசிக்கட்டும்.

பெரிய முற்றங்களில் பிரம்மாண்டமான வெண்கலத் தொட்டிகள் நிற்கும். மரத்தால் கட்டிய அரண்மனையில் தீ அணைக்க நீர் வைத்த தொட்டிகள் அவை. குனிந்து அடியில் பாருங்கள்: கல் பீடத்தில் ஒரு குழிவு இருக்கும். குளிர்காலத்தில் நீர் உறையாமலிருக்க அங்கே கரி மூட்டி வைப்பார்கள். பொன் முலாம் பூசிய தொட்டிகளின் மேல் சுரண்டிய கீறல்கள் தெரியும். 1900-இல் நகருக்குள் புகுந்த எட்டு நாட்டுப் படைகள் கத்தியால் சுரண்டியது என்பார்கள். விரலால் தொடும் தூரத்தில் இருக்கும் வரலாறு இது. இதை விட்டுவிட்டுச் சிம்மாசனத்துக்கு முண்டியடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பாவ்ஹ மண்டபத்தின் பின்புறம் படிகளுக்கு நடுவே டிராகன்கள் செதுக்கிய ஒற்றைக் கல் கிடக்கும். 16.5 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை. நகருக்குத் தென்மேற்கே ஃபாங்ஷானில் வெட்டி, குளிர்காலத்தில் வழியெல்லாம் கிணறு தோண்டி, பாதையில் நீரை ஊற்றி உறையவைத்து, அந்தப் பனிமேல் இழுத்து வந்தார்கள். கணவரிடம் சொல்லுங்கள், ரசிப்பார்.

அங்கிருந்து நேரே வடக்கே போகாமல் வலப்பக்கம் திரும்பினால் கருவூலக் காட்சிக்கூடம். தனிச்சீட்டு 10 யுவான். சியான்லோங் பேரரசர் பதவியிலிருந்து விலகிய பின் தங்குவதற்கென்று செப்பனிட்ட பகுதி. வண்ண ஓடுகளால் ஆன ஒன்பது டிராகன் சுவர் இங்கேதான். நடு அச்சின் நெரிசல் இங்கே பாதியாகக் குறையும், உட்கார நிழலும் இருக்கும். அத்தையை இங்கே அரை மணி உட்கார வையுங்கள்.

வடக்கு வாசலில் வெளியே வந்தால் எதிரே ஜிங்ஷான் பூங்கா. அரண்மனை அகழியைத் தோண்டிய மண்ணைக் குவித்த குன்று; நுழைவுக் கட்டணம் 2 யுவான்தான். உச்சியில் நின்றால் இதுவரை நடந்த அரண்மனை முழுவதும் பொன்னிற ஓடுகளாகக் காலடியில் விரியும். 1644-இல் கிளர்ச்சிப்படை நகருக்குள் புகுந்தபோது மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் சோங்ஜென் இந்தக் குன்றின் அடிவாரத்தில் தூக்கிட்டுக்கொண்டார். பெரியவர் கீழே இருக்கட்டும், ஒருவர் துணைக்கு. மற்றவர்கள் கால் மணியில் ஏறிவிடலாம். இதோடு அன்றைய நாள் முடிந்தது. வாங்ஃபூஜிங் கடைத்தெரு போகாவிட்டால் ஒன்றும் குறையாது. சென்னையின் பெரிய மால்களில் பார்க்கும் அதே கடைகள்தான் பாதிக்கு மேல்.

மூன்றாம் நாள் பெருஞ்சுவர். பாதாலிங் வேண்டாம், முதியான்யூ போங்கள். பாதாலிங்குக்கு அதிவேக ரயில் இருக்கிறது, 100 மீட்டருக்கு மேல் ஆழத்தில் பாதாள நிலையமே கட்டியிருக்கிறார்கள்; போவது எளிது என்பதாலேயே கூட்டமும் அங்கேதான். முதியான்யூ நகரிலிருந்து வடகிழக்கே 70 கிலோமீட்டர் அளவு. காலை ஏழு மணிக்குக் காரில் கிளம்பிவிட்டால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அடிவாரம். ஐந்து பேருக்கு ஒரு கார் பேசிக்கொள்வதுதான் நல்லது. மிகக் குறைந்த விலை ஒருநாள் டூர் பேருந்துகளில் ஏறாதீர்கள்; பாதி நேரத்தை ஜேட் கல் கடையிலும் மருந்துக் கடையிலும் கழிக்கவைப்பார்கள்.

முதியான்யூவில் மேலே போக இரண்டு ஏற்பாடு. கண்ணாடிப் பெட்டி கேபிள் கார் 14-ஆம் காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். திறந்த நாற்காலி லிஃப்ட் 6-ஆம் கோபுரத்துக்குப் போகும். அங்கிருந்து கீழே இறங்க உலோகச் சறுக்குவண்டிப் பாதை உண்டு, ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். இரண்டையும் நடத்துவது வெவ்வேறு நிறுவனங்கள்; ஒன்றின் சீட்டு மற்றதில் செல்லாது. இங்கேதான் பல குடும்பங்கள் குழம்புகின்றன. உங்களுக்கு என் யோசனை: ஐவரும் கேபிள் காரில் 14-க்குப் போங்கள். அங்கேயே சுவரின் மேல் நின்று இருபுறமும் மலைமுகட்டில் சுவர் ஏறி இறங்கிப் போவதைப் பார்க்கலாம். அத்தைக்கு அது போதும். நீங்களோ கணவரோ ஒருவர் அவரோடு கேபிள் காரிலேயே இறங்கிவிடுங்கள். மற்றவர் பிள்ளைகளோடு 14-இலிருந்து 6 வரை நடந்து, சறுக்குவண்டிக்குத் தனிச்சீட்டு வாங்கி இறங்கட்டும். ஒன்றரை மணி நேர நடை, பெரும்பகுதி இறக்கம். ஆனால் படிகள் ஒரே உயரத்தில் இருக்காது, ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம். நல்ல பிடிமானமுள்ள ஷூ இல்லாமல் போகவேண்டாம். மழை பெய்தால் சறுக்குவண்டி ஓடாது என்பதைச் சின்னவனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

சுவரின் இந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் பல்வரிசைக் கைப்பிடிச் சுவர் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் எதிரி வரும் பக்கம் மட்டும்தான் இருக்கும். இப்போது காணும் கட்டுமானத்தின் பெரும்பகுதி 16-ஆம் நூற்றாண்டில் தளபதி ச்சி ஜிகுவாங் காலத்து மிங் வேலை. மிங் கல்லறைகளை விட்டுவிடலாம். மாலையில் ஒன்றும் வேண்டாம், ஓய்வு.

நான்காம் நாள் காலையில் சொர்க்கக் கோயில். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, அதுவும் காலை ஏழு மணிக்கு. பூங்கா ஆறு மணிக்கே திறந்துவிடும், மண்டபங்கள் எட்டு மணிக்கு. சுரங்கரயிலின் 5-ஆம் வழித்தடத்தில் கிழக்கு வாசலுக்கே நிலையம் இருக்கிறது. வாசலைத் தாண்டியதும் நீண்ட தாழ்வாரம். பேரரசரின் வழிபாட்டுக்குப் படையல் பொருள்களைக் கொண்டுபோன வழி அது. இப்போது அக்கம்பக்கத்து முதியவர்கள் அங்கே காலை முழுக்க இருப்பார்கள். கைப்பிடித் திண்ணையில் அட்டையை விரித்து நான்கு பேர் சீட்டு ஆடுவார்கள். சுற்றி எட்டுப் பேர் நின்று யோசனை சொல்வார்கள். ஒரு பாட்டி கம்பளி பின்னிக்கொண்டிருப்பார், பக்கத்தில் தேயிலை மிதக்கும் கண்ணாடிக் குப்பி. கொஞ்சம் தள்ளி ஒருவர் எர்ஹூ என்கிற இரண்டு தந்தி வாத்தியத்தை வாசிக்க இன்னொருவர் பெய்ஜிங் ஓபரா பாடுவார். இறகு வைத்த பந்தைக் காலால் தட்டி ஆடுகிறவர்கள் உங்கள் பிள்ளைகளைப் பார்த்தால் வட்டத்துக்குள் கூப்பிடுவார்கள், போகச் சொல்லுங்கள். அத்தை அந்தப் பாட்டிகள் பக்கத்தில் உட்காரட்டும். மொழி தெரியாவிட்டாலும் எத்தனை பேரப்பிள்ளைகள் என்பதைக் கைவிரலால் கேட்டுவிடுவார்கள்.

பிறகு நல்விளைச்சல் வேண்டுதல் மண்டபம். 38 மீட்டர் உயரம், நீல ஓடு வேய்ந்த மூன்றடுக்கு வட்டக் கூரை, இரும்பு ஆணி இல்லாமல் கோத்த மரவேலை. உள்ளே 28 தூண்கள்: நடுவில் பருவங்களுக்காக நான்கு, சுற்றி மாதங்களுக்காகப் பன்னிரண்டு, வெளியே பழைய சீன நாளின் பன்னிரண்டு பொழுதுகளுக்காக மீதி. 1420-இல் முதலில் கட்டியது. 1889-இல் இடி விழுந்து எரிந்தபின் பழையபடியே மறுபடி எழுப்பினார்கள்.

கோடை அரண்மனையா, லாமா கோயிலா என்று தயங்குவீர்கள். இரவு விமானம் பிடிக்க வேண்டிய நாளில் லாமா கோயில்தான் சரி. இளவரசருக்கு 1694-இல் கட்டிய மாளிகை, 1744-இல் திபெத்திய பௌத்த மடமானது. கடைசி மண்டபத்தில் ஒரே சந்தன மரத்தில் செதுக்கிய மைத்ரேய புத்தர் நிற்கிறார். மொத்தம் 26 மீட்டர், அதில் 8 மீட்டர் தரைக்குக் கீழே. ஊதுவத்தி வாசலிலேயே இலவசமாகக் கொடுப்பார்கள், அத்தை மனநிறைவோடு கும்பிட்டு வருவார். அங்கிருந்து விமான நிலைய விரைவு ரயிலும் பக்கம்: 5-ஆம் தடத்தில் ஒரே நிறுத்தம் தள்ளி பெய்ஷின்ச்சியாவ் நிலையத்தில் ஏறலாம், கட்டணம் 25 யுவான். அது தலைநகர் விமான நிலையத்துக்கு மட்டும். நகருக்குத் தெற்கே வெகுதூரத்தில் தாஷிங் என்று இன்னொரு விமான நிலையம் இருக்கிறது. டிக்கெட் போடும்போதே எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் அதைக் கோடை அரண்மனைக்குக் கொடுங்கள்; வடக்கு வாசலில் நுழைந்தால் குன்று ஏறவேண்டும், கிழக்கு வாசலில் நுழைந்தால் ஏரிக்கரையும் 728 மீட்டர் ஓவியத் தாழ்வாரமும் சமதளத்திலேயே கிடைக்கும்.

சாப்பாடு. காய்கறி என்று சொல்லி வாங்கும் பண்டத்தில் கொத்துக்கறி தூவியிருக்கும். மாப்போ டோஃபு, வறுத்த பீன்ஸ் இரண்டிலும் வழக்கமாகவே இருக்கும். ‘இறைச்சி, மீன், சிப்பிச் சாறு, பன்றிக்கொழுப்பு எதுவும் வேண்டாம்’ என்று சீன மொழியில் எழுதிய அட்டையை ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சாதாரண உணவகத்திலும் காப்பாற்றும் இரண்டு பண்டங்கள் உண்டு: உருளை, கத்தரி, குடைமிளகாய் சேர்த்த டி சான் ஷியான், மெல்லிசாக நறுக்கி வினிகரும் மிளகாயும் போட்டு வதக்கிய உருளைக்கிழங்கு. இரண்டும் வெறுஞ்சோற்றுக்கு நன்றாகச் சேரும். பிள்ளைகளுக்குத் தக்காளி முட்டைப் பொரியல் எங்கும் கிடைக்கும். லாமா கோயில் சுற்றுவட்டாரத்தில் பௌத்த சைவ உணவகங்கள் இருக்கின்றன. வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காதவையும் உண்டு.

போனில் பணம் செலுத்த அலிபே, வீசாட் என்ற இரண்டு செயலிகளையும் திருச்சியிலேயே நிறுவி, பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடித்து, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவிட்ட விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள். வங்கியின் ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும், ஆகவே அந்த சிம் போனில் இருக்கவேண்டும். இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டால் வாட்ஸ்அப், கூகுள் வேலை செய்யும்; ஹோட்டல் வைஃபையில் வேலை செய்யாது. கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும். டாக்சி கூப்பிட அலிபேக்குள்ளேயே தீதீ என்கிற சேவை இருக்கிறது. பழைய 1, 2-ஆம் தடச் சுரங்கரயில் நிலையங்களில் படிகள் அதிகம் என்பதால் அத்தையோடு போகும்போது டாக்சியே நல்லது. பொதுக்கழிப்பறைகள் நிறைய உண்டு, காகிதம் மட்டும் நீங்கள் கொண்டுபோக வேண்டும்.

சதுக்கம், வாங்ஃபூஜிங் பக்கம் நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் நட்பாக வந்து தேநீர்க் கடைக்கு அழைத்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். உள்ளே போனால் பில் ஆயிரக்கணக்கில் வரும். அரண்மனை இன்று மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

விசாவுக்குப் போதிய நேரம் விடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கட்டாயம். இணையத்தில் சொல்லும் 240 மணி நேர விசா இல்லாத் தங்கல் நமக்குப் பொருந்தாது. சிங்கப்பூர், மலேசியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் யாராவது உங்களோடு சேர்வதானால் அவர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். அத்தையின் பாஸ்போர்ட் காலாவதித் தேதியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் புதுப்பித்த பிறகு டிக்கெட் போடுங்கள்.